எதிர்ப்பு எதுவும் வரவில்லை

பதினைந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, டீ குடித்துக்கொண்டிருந்த கிருபாகரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாதி டீ சட்டையில் கொட்டியது. கைப்பேசியில் வந்திருந்த மின்னஞ்சல் இரண்டே வரிதான். ‘பதினான்கு நாள் முடிந்துவிட்டது, எதிர்ப்பு எதுவும் வரவில்லை. கிருபாகரனின் முன்மொழிவு ஏற்கப்பட்டது.’

முன்மொழிவு ஏற்கப்பட்டவன் முகம் அப்படி வெளுத்துப்போய் நான் பார்த்ததில்லை. கேண்டீன் நடத்தும் அப்துல் ரசாக் பாய் பயந்தே போய்விட்டார்.

“இன்னா நைனா, ஊர்ல யார்னா பூட்டாங்களா?”

“இல்ல பாய். நான் கேட்டதைக் குடுத்துட்டாங்க.”

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது, சொல்கிறேன்.

கிருபாகரன் ஆரணிப் பக்கத்து ஆள். பாலிடெக்னிக் முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து, வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். வருஷம் பதினெட்டு ஓடிவிட்டது. கம்பெனியின் நாற்பது கணினிகளும் அவன் பொறுப்பு. அங்கே யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “சிஸ்டத்தைக் கூப்புடு, பிரிண்டரு மக்கர் பண்ணுது” என்றுதான் குரல் வரும். கள்ளிக்குப்பத்தில் இரண்டாவது மாடி பிளாட். மனைவி சுதா, எட்டாவது படிக்கும் மகள் பவ்யா. சாதாரண மனிதன், சாதாரணச் சிடுசிடுப்பு.

ஆனால் அவனுக்கு இன்னொரு குடித்தனமும் இருந்தது. தப்பாக நினைக்காதீர்கள். அதன் பெயர் லாந்தர். கணினியைப் போட்டவுடன் கண்ணுக்குத் தெரிகிறதே, மேசைத் திரை, பொத்தான், ஜன்னல், பட்டியல், அதையெல்லாம் உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விடும் ஒரு கூட்டம். ஒருவரையொருவர் நேரில் பார்த்தவர்கள் குறைவு. கிருபாகரன் பன்னிரண்டு வருஷமாக அதில் இருக்கிறான். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் கைப்பேசியுமாக அவன் உட்கார்ந்திருந்தால், லாந்தர் வேலை நடக்கிறது என்று அர்த்தம். “கட்டின பொண்டாட்டி போன் பண்ணா எடுக்கமாட்டீங்க, ஜெர்மனிக்காரன் கூப்பிட்டா எந்திரிச்சு நிப்பீங்க” என்பாள் சுதா. உண்மைதான்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், உறுப்பினர் அல்லாதவரும் இணையத்தில் படிக்கக்கூடிய மடல்குழுவில், அவர்கள் பேச்சில் ‘லிஸ்ட்’, எழுதிப் போட வேண்டும். பதினான்கு நாள் கெடு. அதற்குள் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், காரணத்தோடு எதிர்த்தால் போதும், தீர்மானம் நின்றுவிடும். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோரும் சம்மதம் என்று கணக்கு. ஜெர்மனிக்காரர் மார்ட்டின் நாள் எண்ணிச் சொல்வார், அவ்வளவுதான் அவர் அதிகாரம். போனில் பேசியது, தனியாகச் சொன்னது எதுவும் செல்லாது. இந்த விஷயத்தில் கிருபாகரன் பெரிய கறார் பேர்வழி. யார் தனியாக வந்து குறை சொன்னாலும், “லிஸ்ட்ல எழுதுங்க. லிஸ்ட்ல இல்லன்னா அது நடக்கவே இல்லன்னு அர்த்தம்” என்று திருப்பி அனுப்பிவிடுவான்.

லாந்தரில் அவன் சொந்தக் கையால் கட்டிய ஒன்று உண்டு. ஓடும் விசைப்பலகை. அது அகல்யாவுக்காகச் செய்தது.

அகல்யா, மண்ணூர்பேட்டை எத்திராஜின் மகள். எத்திராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். எஸ்டேட் வேலைக்காரர்கள் பாதிப்பேர் அவர் வண்டியில்தான் வருவார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், முன்சீட்டில் உட்கார்ந்திருந்த கிருபாகரன் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி கம்ப்யூட்டர்காரனா? எம் பொண்ணுக்கு மூளை சும்மா ரயிலு மாதிரி ஓடும். வாயும் கையும்தான் சொன்ன பேச்சு கேக்காது. இன்னான்னா பண்ண முடியுமா?” என்று கேட்டார். போய்ப் பார்த்தான். பிறவியிலேயே உடம்பின் கட்டுப்பாடு கைவிட்டுப்போன பெண். அப்போது பதினெட்டு வயது. அவள் பேசினால் அம்மா ராணிக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் புரியும். வலது முழங்கால் மட்டும் அவள் சொன்னபடி அசையும்.

அந்த முழங்காலுக்கு ஒரு காலிங் பெல் சுவிட்சைக் கட்டினான். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சக் கட்டம் வரிசைமேல் ஓடும். வேண்டிய வரிசை வந்ததும் முழங்காலால் ஓர் அழுத்து. பிறகு எழுத்தெழுத்தாக ஓடும், இன்னோர் அழுத்து. எழுதி முடித்தால் கணினி அதை உரக்கப் படிக்கும். முதல்நாள் அவள் எழுதிய முதல் வாக்கியம், ‘அம்மா எனக்கு உப்புமா பிடிக்காது.’ பதினெட்டு வருஷம் உப்புமா ஊட்டிய ராணி அன்றைக்கு அழுத அழுகை இருக்கிறதே!

இன்று அகல்யாவுக்கு இருபத்தேழு. பூந்தமல்லியில் சமையல் புத்தகமும் பள்ளி கைடும் போடும் பதிப்பகம் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்துகிறாள். ரசத்துக்கு எட்டுக் கரண்டி உப்பு என்று அச்சுக்குப் போகவிருந்ததைப் பிடித்தவள் அவள்தான்.

இப்படிப்பட்ட விசைப்பலகையைத் தூக்கிவிடலாம் என்று முன்மொழிந்தவன் யார் என்றால், அதே கிருபாகரன்தான். பைத்தியமா என்று கேட்பீர்கள். சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: அதிபுத்திசாலித்தனம்.

லாந்தர் பழைய திரை முறையை விட்டுப் புது முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பழையதில் ஒரு நிரல் இன்னொரு நிரலின் ஜன்னலுக்குள் தாராளமாக எட்டிப்பார்க்கலாம். புதியதில் எல்லா அறைக்கும் தாழ்ப்பாள். திருட்டு நிரல்களைத் தடுக்க அது நல்லதுதான். ஆனால் ஓடும் விசைப்பலகை எட்டிப்பார்த்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தது. அதை அடியோடு திருப்பி எழுத வேண்டும். ஒற்றை ஆளாக எழுதினால் ஒரு வருஷம் ஆகும். ‘யாராவது கைகொடுங்கள்’ என்று மூன்று முறை எழுதினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக்கும் இதே கதி வந்தது. யாரோ ஒருவர் கடுப்பில் ‘அதை நீக்கிவிடலாம்’ என்று முன்மொழிந்தார். அவ்வளவுதான், நான்கு நாளில் தொண்ணூறு கண்டனக் கடிதம். வேலைக்கு இரண்டு பேர் தாமாகவே வந்து நின்றார்கள். உதவி என்று கேட்டால் வராதவர்கள், நீக்கம் என்றால் ஓடிவருவார்கள் என்று கிருபாகரன் அன்றைக்குப் படித்துக்கொண்டான். அந்தப் பாடத்தைத்தான் இப்போது பிரயோகித்தான். ‘ஓடும் விசைப்பலகையைப் பயன்படுத்துவோர் யாராவது இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. அடுத்த வெளியீட்டில் நீக்கிவிடலாம்’ என்று எழுதிப் போட்டுவிட்டு, கூச்சல் கிளம்பும் என்று காத்திருந்தான்.

மூன்றாம் நாள் ஒருவர் எழுதினார். ஆவலாகத் திறந்தான். முன்மொழிவில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கிறதாம். எட்டாம் நாள் புனேயிலிருந்து ரோஹித், ‘நல்ல யோசனை, பாரம் குறையும்’ என்று ஆதரித்தான். அதற்கப்புறம் ஈ காக்கை இல்லை. பதினைந்தாம் நாள் மார்ட்டினின் கடிதம் வந்தது, டீ சட்டையில் கொட்டியது.

அந்த நிமிஷமே வாபஸ் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். விதியில் அதற்கு இடமுண்டு. எழுதவில்லை. ஏன்? ரோஷம். ஒன்பது வருஷ உழைப்பு, உலகத்தில் ஒரு நாய்கூட ‘நீக்க வேண்டாம்’ என்று சொல்லவில்லையே என்ற ஆத்திரம். “போகட்டும். வேணாம்னா போகட்டும்” என்று வீட்டுக்கு வந்து பையை வீசினான். நடந்ததைக் கேட்ட சுதா கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றுவிட்டாள்.

“அப்ப அகல்யா?”

“அவ சிஸ்டத்துல பழசையே பூட்டி வச்சிட்டா போதும். அப்டேட் வராது. ஞாயித்துக்கிழமை போய்ப் பண்ணிடறேன்.”

அந்த ஞாயிறு ஆவடியில் ஒரு கிரகப்பிரவேசம். அடுத்த ஞாயிறு பவ்யாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த ஞாயிறு சும்மாவே போகவில்லை. புதுப் பதிப்பின் வெளியீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மனம் சொன்னது. ஞாயிறுகளுக்கு என்ன, அவை பாட்டுக்கு வந்து போயின.

ஆறாவது வாரம் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு எத்திராஜ் போன் செய்தார்.

“தம்பி, இன்னாமோ ஆயிப்போச்சு. பொட்டி தொறக்குது, ஆனா எய்த்து ஒண்ணியும் காணோம். வியாயக்கெழமலேந்து இப்டியே கீது. பாப்பா சோறு துன்ன மாட்டேங்குது. கொஞ்சம் வந்துகினு போறியா?”

கிருபாகரன் தேதியைப் பார்த்தான். வெளியீடு புதன்கிழமையே வந்துவிட்டது. அந்தக் கணினி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்து வைத்தவனும் அவன்தான். பல் துலக்கினானா என்றுகூட நினைவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

அகல்யா சக்கர நாற்காலியில் இருந்தாள். எதிரே திரை, அழகான நீலப் பின்னணி. எழுத்து வரிசைகள் இருந்த இடம் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. அவள் முழங்கால் சுவிட்சின்மேல்தான் இருந்தது. உள்ளே நுழைந்தவனைப் பார்த்ததும் ஒரு முறை அழுத்தினாள். டக் என்று சத்தம் வந்தது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

“ரெண்டு நாளா இதான் தம்பி” என்றாள் ராணி. “அமுக்கிக்கினே கீறா.”

தீர்மானம், வெளியீடு, பழைய முறை, புதிய முறை என்று ஆறு வாரமாகக் கிருபாகரன் பேசிய வார்த்தைகளுக்கெல்லாம் அர்த்தம் இந்த டக் டக் சத்தம்தான் என்று அன்றுவரை அவனுக்கு உறைக்கவில்லை. “மன்னிச்சிரும்மா, இதோ” என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். புதிய லாந்தரைப் பிடுங்கி எறிந்து, பழையதைத் தேடி இறக்கி, அது எது எதைக் கேட்டதோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூட்டி வந்து சேர்த்து, ஒரு மணிக்கு வரிசைகள் திரையில் ஏறின. வெளிச்சக் கட்டம் ஓடத் தொடங்கியது. எத்திராஜ் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். கிருபாகரனுக்கு உடம்பு கூசியது. ஆனாலும், ஒரு நன்றி வரும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தான். பொய் சொல்வானேன், எதிர்பார்த்தான்தான்.

டக். டக். நான்கு நிமிஷம் ஆனது. கணினி படித்தது.

“அண்ணா என் லெட்டர் படிச்சீங்களா.”

“என்ன லெட்டர்?”

அகல்யா பதில் எழுதவில்லை. மின்னஞ்சலில், தான் அனுப்பியவை இருக்கும் இடத்துக்குக் கட்டத்தை நகர்த்தி ஒன்றைத் திறந்தாள். லாந்தர் மடல்குழுவின் முகவரி. முன்மொழிவு போட்டதிலிருந்து ஐந்தாம் நாள் தேதி.

‘வணக்கம். என் பெயர் அகல்யா. நான் ஓடும் விசைப்பலகையை ஒன்பது வருடமாகப் பயன்படுத்துகிறேன். இது இல்லாமல் நான் வெளியாட்களிடம் பேச முடியாது. தயவுசெய்து நீக்க வேண்டாம். நான் எதிர்க்கிறேன். காரணம் எழுத வேண்டும் என்று உங்கள் விதியில் இருக்கிறது. காரணம் இதுதான். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.’

கிருபாகரன் அதை இரண்டு முறை படித்தான். “இது வரவே இல்லம்மா. சத்தியமா வரல. வந்திருந்தா...” என்றவன் பாதியில் நின்றான். எங்கே போயிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

குழுவில் உறுப்பினராகாத ஒருவர் முதல்முறை எழுதினால் கடிதம் நேராக உள்ளே வராது. வாசலில் நிறுத்தி வைக்கப்படும். காவலுக்கு இருப்பவர் பார்த்து உள்ளே விட வேண்டும். வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குப்பை. லாட்டரி, வழுக்கைக்கு எண்ணெய், வெளிநாட்டு விதவைகள். யாருமே ஏற்க விரும்பாத அந்தக் காவல் வேலையை நான்கு வருஷத்துக்கு முன்னால், ‘சரி, நான் பார்க்கிறேன்’ என்று ஏற்றுக்கொண்டவன் கிருபாகரன். முதல் வருஷம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தட்டு, ‘மொத்தமாக நீக்கு.’

கைப்பேசியில் காவல் பதிவேட்டைத் திறந்தான். இருந்தது. அகல்யாவின் முகவரி, ஐந்தாம் நாள் மாலை வரவு, திங்கள் மதியம் நீக்கம். நீக்கியவர், கிருபாகரன். அறுபத்தொரு கடிதங்களோடு சேர்த்து ஒரு நொடியில். அந்த நேரத்தில் அவன் எதிர்ப்புக் கடிதம் வருமா வருமா என்று ஏங்கிக்கொண்டிருந்தான் என்பதுதான் கொடுமை.

“அகல்யா... நான்தான் அழிச்சிருக்கேன். பாக்காம அழிச்சிட்டேன்.” “எனக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டிருக்கக் கூடாதா?”

டக். டக்.

“லிஸ்ட்ல எழுதினாதான் கணக்குன்னு நீங்கதான் சொன்னீங்க.”

கட்டம் மறுபடி ஓடியது. இன்னும் வந்தது.

“பதில் வரல. படிச்சிட்டுதான் வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்.”

ஆறு வாரம்! ஆறு வாரமாக இந்தப் பெண் அப்படி நினைத்துக்கொண்டே ரசத்தின் உப்பைத் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். தன் குரல் எந்தப் புதன்கிழமை நிற்கும் என்று தெரிந்தே. அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

கிருபாகரன் அங்கேயே உட்கார்ந்து குழுவுக்கு எழுதினான். அகல்யாவின் கடிதத்தை அப்படியே போட்டு, கீழே ஆங்கிலத்தில் பெயர்த்து, நீக்கியது தன் கை என்பதையும், தேதியையும், மொத்தமாகத் தட்டும் வழக்கத்தையும் ஒளிக்காமல் எழுதினான். பன்னிரண்டு வருஷத்தில் சம்பாதித்த நல்ல பெயர் அந்தப் பத்து வரியில் கரைந்தது. அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை, அதுவரைக்கும் பாராட்டலாம்.

அரை மணியில் மார்ட்டின் பதில் எழுதினார். ‘எதிர்ப்பு ஐந்தாம் நாளே வந்திருக்கிறது. ஆகவே தீர்மானம் செல்லாது. விசைப்பலகை புதியதில் இயங்கும்வரை பழைய திரை முறையும் கூடவே இருக்கும். காவல் பொறுப்பை வேறொருவர் பார்க்கட்டும்.’ பின்னாலேயே ரோஹித், ‘யாரும் பயன்படுத்தவில்லை என்று நம்பினேன், வெட்கமாக இருக்கிறது, திருப்பி எழுத நான் வருகிறேன்’ என்றான்.

கிருபாகரன் அதை உரக்கத் தமிழில் சொன்னான். எத்திராஜ் துள்ளிக் குதித்தார்.

“பாத்தியா ராணி! ஒரே லெட்டரு. வெள்ளக்காரனையே திருப்பிட்டா எம் பொண்ணு! இரு, பிரியாணி வாங்கியாறேன். தம்பி, துன்னுட்டுத்தான் போவணும்.” செருப்பை மாட்டிக்கொண்டார்.

டக். டக். கட்டம் ஓடியது, நின்றது, ஓடியது. இந்த முறை ரொம்ப நேரம் ஆனது. எத்திராஜும் வாசலில் நின்று காத்திருந்தார்.

“அண்ணா உங்களுக்கு என்னைத் தெரியும். அப்புறம் எதுக்கு யாருக்காச்சும் வேணுமான்னு ஊரெல்லாம் கேட்டீங்க.”

கணினிக் குரலுக்குக் கோபம் தெரியாது, வருத்தமும் தெரியாது. கேள்வி மட்டும் வந்து விழுந்தது. கிருபாகரனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. உருப்பெருக்கிக் கதை, ஆள் சேர்க்கும் தந்திரம், ஒற்றை ஆளாக ஒரு வருஷ வேலை, எல்லாம் நிஜம்தான். கடைசியில் நிஜத்துக்கும் அடியில் கிடந்ததைச் சொன்னான்.

“ஒரே ஒரு ஆளுக்காக இதை வச்சிக்கணும்னு எழுதினா, சிரிப்பாங்கன்னு நினைச்சேம்மா.”

அகல்யா அவனையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டக். டக்.

“சிரிச்சிட்டுப் போகட்டும். ரெண்டு நாளும் நான் பேசிட்டு இருந்திருப்பேன்ல.”

எத்திராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரியாணி வாங்க அவர் போகவில்லை.